நெமரின் இன்னதென்று தெரியும்வரை

என் வீட்டுக்காரர் சஹாபுதீனுக்கு இரண்டு வேலை. ஒன்று சோறு போடும் வேலை. பழவேற்காட்டு ஏரியில் பிடிபடும் நண்டை வாங்கி, காலைக் கட்டி, ஈரச் சாக்கு போட்ட கூடையில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்புவார். இன்னொன்று சோறு போடாத வேலை, ஆனால் பேர் வாங்கித் தந்த வேலை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் யார் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசினாலும், பையன் எப்படி என்று விசாரித்து வர இவரைத்தான் அனுப்புவார்கள்.

பெண்ணைப் பெற்றவர் தானே போய் விசாரிப்பது எங்களிடம் வழக்கமில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் மரியாதைக் குறைவாகிவிடும். அதனால் இவர் போவார். வாடகைக்கு வீடு தேடுகிற ஆளைப் போலப் போவார், தொலைந்த சொந்தக்காரரைத் தேடுகிறவரைப் போலப் போவார். நேராகக் கேட்கவே மாட்டார். முடிவெட்டுகிற கடை, டீக்கடை, பள்ளிவாசல் என்று ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேரைப் பிடிப்பார். ஒருவர் மட்டும் சொல்வதைத் தள்ளிவிடுவார். மூன்று பேர் சொல்வதிலும் பொதுவாக எது நிற்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்.

“நண்ட அமுக்கிப் பாக்குற மாரிதான். மேல எவ்ளோ பளபளப்பா இருந்தாலும் அடியில வெரல வெச்சா தெரிஞ்சுடும், உள்ள சதையா தண்ணியான்னு” என்பார்.

ஒரு முறை சூலூர்பேட்டைப் பையன் ஒருவனை விசாரித்து வந்தார். குடி கிடையாது, பீடி கிடையாது, தொழுகை தவறாதவன். பெண் வீட்டார் இனிப்பு வாங்க ஆள் அனுப்பிவிட்டார்கள். இவர் மட்டும் வேண்டாம் என்றார். மூன்று பேரும் அவன் நல்லவன் என்று சொல்லிவிட்டு, “பேசவே மாட்டான்” என்று முடித்தார்களாம். “நம்ம பொண்ணு வாயாடி. செவுத்துக்கிட்ட எத்தினி நாளு பேசும்?” என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் நின்றது. அந்தப் பெண் இன்று மீஞ்சூரில் ஒரு வாயாடிப் பயலைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

விசாரிக்கப் போய் “தெரியல” என்று திரும்பியதே இல்லை என்பதில் இவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால்கூடத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டார். அந்த மனிதர் எங்கள் சொந்த மகள் விஷயத்தில் என்ன பாடு படுத்தினார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

2006இல் எங்கள் சிஃபாவுக்கு ஓர் இடம் வந்தது. பையன் பெயர் தஸ்லீம். திருவள்ளூர்க்காரன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கட்டடக் கம்பி உருட்டுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பியை வளைத்தும் இழுத்தும் தரம் பார்க்கிற ஆய்வகத்தில் இருந்தான். கும்மிடிப்பூண்டியிலேயே நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். பொன்னேரியில் ஒரு கல்யாணத்தில் சிஃபா அவனைப் பார்த்திருக்கிறாள், அவனும் பார்த்திருக்கிறான். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பையனின் போட்டோவைக் காட்டியபோது, முன்பு வந்த இடங்களுக்கெல்லாம் மூக்கைப் பற்றியும் முடியைப் பற்றியும் குறை சொன்னவள், வாயைத் திறக்காமல் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பெற்றவளுக்கு அது போதாதா.

முடிவு சொல்ல வேண்டியவர் என் மூத்த மச்சான், அதாவது இவருடைய அண்ணன் அப்துல் வாஹித். குடும்பத்தில் அவர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. அவர் தலையசைக்க வேண்டுமென்றால் யாராவது விசாரித்து வந்து நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். விசாரிக்கிற ஆள் ஊரில் ஒருவர்தான். அவரே பெண்ணின் வாப்பா. வழக்கத்தை மீறி நானே போகிறேன் என்று இவர் கிளம்பினார். வேறு யார் விசாரித்தாலும் இவருக்கு மனசு ஒப்பாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று கும்மிடிப்பூண்டி போனார். ரூம் தேடுகிற ஆள் என்று சொல்லிக்கொண்டாராம். முடிவெட்டுகிறவர், மெஸ் வைத்திருந்த அம்மா, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் என்று மூன்று பேர் சொன்னதிலும் ஒரு குறை இல்லை. அத்தோடு ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் மெஸ்கார அம்மா போகிற போக்கில், “ஞாயித்துக்கெழமன்னா அந்தப் புள்ள நாஷ்டா துன்ன உடனே நெட் சென்டருக்குப் பூடும்” என்று சொல்லிவிட்டார். இவர் அங்கேயும் எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பியவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். தட்டு வைத்தேன், தொடவில்லை.

“இன்னாங்க ஆச்சு?”

“உன் மாப்புள்ள ஏதோ சரக்கு விசயத்துல கீறான்.”

“இன்னா சரக்கு?”

“அதான் தெரியல. நாலஞ்சு பேரு ஒரே கம்ப்யூட்டர சுத்தி உக்காந்துகினு அதப் பத்தியே பேசிக்கினு கீறானுங்க. கடல்ல இருந்து வருதாம். கொளுத்துனா நீலமா எரியுதாம். குடிச்சவனுக்கு அவன் பேரே மறந்து பூடுதாம். நெமரின்னு பேரு.”

“தெரியல” என்ற வார்த்தையை இவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. நெமரினை விட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளே சிஃபா சிரித்தாள். பொன்னேரியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தவள் அவள். “வாப்பா, அது கேம்ல வர்றது. நெசமா அப்பிடி ஒண்ணு இல்ல” என்று கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள். தன் வகுப்பிலும் பையன்கள் இதைப் பற்றித்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்று விளக்கமும் சொன்னாள்.

அவள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். விளையாட்டில் ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. ஊரில் ஆள் ஒருவரும் இல்லை. விளையாடுகிறவன் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். எல்லா வீட்டு அடுப்படியிலும் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் வெளிர்நீலமாக ஒன்று. அதுதான் நெமரின். பனிமூட்டம் விலகியதும் அது கரையில் ஒதுங்குமாம், ஊர்க்காரர்கள் அள்ளி வந்து விளக்கில் போட்டு எரிப்பார்களாம். அது எதனால் ஆனது, ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள் என்பதை விளையாட்டைச் செய்த கம்பெனி சொல்லவே இல்லை. சொல்லாமலே முடித்துவிட்டது. அதனால் உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் இன்டர்நெட்டில் ஒரு மன்றம் வைத்து, இதுவாக இருக்கும், இல்லை அதுவாக இருக்கும் என்று எழுதி மல்லுக்கு நிற்கிறார்கள். தஸ்லீமும் எழுதுகிறான்.

கேட்டதும் இவர் முகம் தெளிந்தது. தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், கை நின்றுவிட்டது.

“இல்லாத சரக்குன்னா, ஆளுக்கு ஒண்ணா ஏன் சொல்றானுங்க?”

“இல்லாததாலதாங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

“அதெப்பிடி? கேட்டா ஒரு பதில் இருக்கணுமே. நாளைக்கு அண்ணன் கேப்பாரு, ஞாயித்துக்கெழம பையன் இன்னாடா பண்றான்னு. இன்னான்னே தெரியாத ஒரு பொருள தேடுறான்னு நான் போயி சொல்றதா?”

அண்ணன் அப்படிக் கேட்பார் என்பது உண்மைதான். ஆனால் “கேம் ஆடுறான்” என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால் அவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். அவருக்கு அதெல்லாம் கேரம் போர்டு மாதிரிதான். இவருக்குத்தான் ஒரு விஷயத்தை விசாரிக்கப் போய்ப் பாதியில் விட்டதாக மனசு அரித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனார். இந்த முறை நெமரினை விசாரிக்கப் போனார். என்னதான் இல்லாத பொருளாக இருந்தாலும் தன் முறையை விட்டுக்கொடுக்கவில்லை, மூன்று பேரைப் பிடித்தார்.

முதல் ஆள் மோசஸ். உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர், அந்தக் கும்பலில் மூத்தவர். நெமரின் என்பது உருக்கும்போது மேலே மிதந்து வருகிற கசடு மாதிரி ஒன்று என்றாராம். கடலுக்கு அடியில் யாரோ எதையோ காய்ச்சுகிறார்கள், வேண்டாததை மேலே தள்ளுகிறார்கள், அதை இந்த ஊர்க்காரர்கள் பொக்கிஷம் என்று அள்ளிப் போகிறார்கள் என்று சொன்னார். இரண்டாவது ஆள் விஜயகுமார், வள்ளூர்ப் பையன். அவன் ஊருக்குப் பக்கத்தில்தான் அனல்மின் நிலையம், சுற்றுவட்டாரத்தில் சாம்பலுக்குக் குறைவில்லை. அவனுக்கு நெமரின் சாம்பல்தான். வேறு ஓர் உலகம் எரிந்து முடிந்து அதன் சாம்பல் இங்கே வந்து விழுகிறது என்றான். மூன்றாவது ஆள் நெட் சென்டர் கடைக்காரர் துளசிராமன், ஆரம்பாக்கத்துக்காரர். “கம்பெனிக்காரன் ரெண்டாம் பாகம் விக்கணும் நைனா. அதான் சொல்லாம வெச்சிருக்கான். அது கசடும் இல்ல, சாம்பலும் இல்ல, டப்பு, துட்டு” என்றார்.

இவர் வீட்டுக்கு வந்து மூன்றையும் எனக்கு ஒப்பித்தார். வெற்றிலை மடித்துக்கொண்டே யோசித்தார்.

“மூணுலயும் பொதுவா ஒண்ணும் நிக்கலடி, கமரு.”

“நிக்காட்டி உடுங்க. பையனப் பத்தி மூணு பேரு சொன்னது நின்னுச்சு இல்ல?”

“அது வேற கணக்கு.”

எனக்கு அன்றைக்கே கோபம் வந்திருக்க வேண்டும். சிரித்துத் தொலைத்தேன்.

அதன்பிறகு இவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கும்மிடிப்பூண்டிதான். ரூம் தேடுகிற ஆள் ஏன் வாராவாரம் வந்து ரூம் பார்க்காமல் கம்ப்யூட்டர் பார்க்கிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. தஸ்லீம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து அந்த ஊரைச் சுற்றிக் காட்டுவானாம். இவர் திரையில் தெரிகிற கரையைப் பார்த்துவிட்டு, “இது ஓதம் ஏறுற நேரம், தண்ணி மேல வரும், இப்ப யாரும் கரையில நிக்க மாட்டான்” என்பாராம். அவன் அதை எழுதிக்கொள்வானாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு பெருமை. சொந்த வீட்டு ஏரியில் ஓதம் ஏறுவதை இருபது வருஷமாகச் சொல்கிறார், நாங்கள் யாரும் எழுதிக்கொண்டதில்லை.

ஒரு நாள் நண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த நண்டை அப்படியே தூக்கிப் பார்த்தார். நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மெத்தென்று வெளியே வரும். கழற்றிய ஓடு கரையில் ஒதுங்கிக் கிடக்கும், பார்க்க முழு நண்டு மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

“கமரு, கண்டுபுடிச்சிட்டேன். அந்த ஊரு ஜனங்க சாவல. ஓட்டக் கழட்டிப் போட்டுட்டு வேற எங்கியோ பூட்டாங்க. ஜாடியில இருக்கிறது அவங்க கழட்டிப் போட்டது. அதான் அதக் குடிச்சா பேரு மறந்து பூடுது. பழசு ஒட்டிக்கிது.”

எனக்கு மயிர் கூச்செறிந்தது என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாத ஊரின் இல்லாத ஜனங்களுக்காகக் கொஞ்சம் அழுகைகூட வந்தது. அடுத்த நிமிஷமே என் மகள் கல்யாணம் நினைவுக்கு வந்து கோபமும் வந்தது.

தஸ்லீம் அதை இங்கிலீஷில் எழுதி மன்றத்தில் போட்டான். ஒரு வாரம் பாராட்டு மழையாம். எந்தெந்த நாட்டிலிருந்தோ எழுதினார்களாம். பிறகு பின்லாந்திலிருந்து ஓர் ஆள் இரண்டே வரியில் உடைத்துவிட்டான். விளையாட்டின் தொடக்கத்தில் வருகிற குகையில், ஊர் கட்டப்படுவதற்கு முந்தைய ஓவியம் ஒன்று இருக்கிறது. அதிலும் அந்த நீலம் இருக்கிறது. ஜனங்கள் வருவதற்கு முன்பே இருந்த பொருளை ஜனங்கள் எப்படிக் கழற்றிப் போட்டிருக்க முடியும்?

இவர் அன்று வீட்டுக்கு வந்து நண்டுக் கூடையின் முன்னால் உட்கார்ந்தார். “எங்கியோ பனியில உக்காந்துகினு இருக்கிறவனுக்கு நண்டப் பத்தி இன்னா தெரியும்?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பின்லாந்தைப் பற்றியே தெரியாது. ஒரு வாரம் பேஜாரு பிடித்துத் திரிந்துவிட்டு, கழற்றியது ஜனங்கள் இல்லை, அந்தக் கடலே கழற்றியது என்று ஒரு திருத்தம் கண்டுபிடித்துக்கொண்டு மறுபடி கிளம்பினார். அதையும் யாரோ உடைத்தார்கள். மறுபடி ஒன்று கண்டுபிடித்தார். கடைசியில் கசடா, சாம்பலா, ஓடா, துட்டா என்று எனக்கே தலை சுற்றியது. குழம்புக்குப் புளி கரைக்கும்போது, இது ஏன் நீலமாக எரிகிறது என்று நான் யோசித்துக்கொண்டு நின்ற நாளும் உண்டு.

இதற்கு நடுவில் அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார். “விசாரிச்சிக்கினு இருக்கேண்ணே, ஒரு விசயம் மட்டும் தெளிவாவல” என்று இவர் இழுத்தார். தம்பி இத்தனை நாள் இழுக்கிறான் என்றால் பையனிடம் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்று அண்ணன் நினைக்க ஆரம்பித்தார். திருவள்ளூரிலிருந்து பையனின் அம்மா சொல்லியனுப்பினார். கவரைப்பேட்டையில் ஒரு பெண் கேட்கிறார்கள், உங்களுக்கு விருப்பமில்லை என்றால் சங்கடப்படாமல் சொல்லிவிடுங்கள், வரும் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது என்று.

அன்று சாயங்காலம் சிஃபா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலே பேசினாள்.

“உம்மா, எனக்கு அவரத்தான் புடிச்சிருக்கு. வாப்பாக்கு இன்னா வேணும்னு எனக்குப் புரியல. கேட்டா நெமரின்னு சொல்றாரு.”

இல்லாத ஒரு பொருளுக்காக என் மகள், இருக்கிற ஒரு மனிதனைக் கட்டிக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இவர் செருப்பை மாட்டும்போது நானும் புர்காவை மாட்டினேன்.

“நீ எங்க வர்ற?”

“நெமரினப் பாக்க.”

ரயிலில் இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கும்மிடிப்பூண்டியில் கரண்ட் இல்லை. நெட் சென்டருக்குள் புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வாசற்படியில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் போட்டோவில் பார்த்த பையன் எழுந்து நின்றான். போட்டோவைவிட ஒல்லி.

“ஒக்காருங்க மாமி” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

யாரோ ஒரு பாயோடு வந்த பெண்பிள்ளையை இவன் ஏன் மாமி என்கிறான்? நான் அவனையே கேட்டேன். “இவரு யாருன்னு உனக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியும் மாமி. சிஃபாவோட வாப்பா. ரெண்டாவது வாரமே தெரிஞ்சுடுச்சு.”

இவர் வாயைப் பிளந்தார். எத்தனையோ பையன்களை அமுக்கிப் பார்த்த ஆள்.

“எப்பிடிரா?” என்றார்.

“பழவேற்காட்டு பஸ் டிக்கெட்ட மடிச்சு வாட்ச் வார்ல சொருகி வெச்சிருந்தீங்க மாமா. கையெல்லாம் நண்டு கடிச்ச தழும்பு. ரூம் தேடுறேன்னீங்க, ஒரு தபா கூட வாடக எவ்ளோன்னு கேக்கல.”

மோசஸ் திரும்பிக்கொண்டு சிரித்தார். துளசிராமன் சிரிக்கவே இல்லை, அவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?” என்று நான் கேட்டேன்.

தஸ்லீம் அட்டையைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். “சொன்னா மாமா கூச்சப்பட்டு அப்பறம் வர மாட்டாரு. வரலன்னா இல்லன்னு அர்த்தம். வந்துகினே இருந்தா, இன்னும் வேணாம்னு சொல்லலன்னு அர்த்தம். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ரயில் வர்ற நேரத்துக்கு இந்த வாசப்படியிலயே வந்து நிப்பேன் மாமி.”

இவனை அமுக்கிப் பார்க்க இன்னும் என்ன இருக்கிறது? நான் இவர் பக்கம் திரும்பினேன்.

“இப்ப சொல்லுங்க. பையன் எப்பிடி?”

“அந்த நெமரின் மட்டும் இன்னான்னு தெரிஞ்சா…”

“அது தெரியாமலே போவட்டும். நான் புள்ளயக் கேக்குறேன்.”

இவர் வாட்ச் வாரில் இருந்த டிக்கெட்டை எடுத்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது.

“நல்ல புள்ளதான். மொத வாரமே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?” அதே கேள்வியை இவரிடமும் கேட்க வேண்டி வந்தது.

“சொன்னா கட்டிக் குடுக்கணுமே” என்றார்.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அந்த டிக்கெட்டிடம்தான் சொன்னார். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. ஊரார் பெண்களுக்கெல்லாம் இரண்டே பயணத்தில் முடிவு சொன்ன மனிதர். தன் பெண் என்றதும் முடிவு தெரிந்துவிடக் கூடாதே என்று வாராவாரம் ரயிலேறி, யாருக்குமே முடிவு தெரியாத ஒன்றைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். நான் இதை முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும். நானும் சேர்ந்து நீலத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்தது. உள்ளே கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கத்தின. யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் அண்ணன் முன்னால் போய் நின்றார். நான் அவர் வீட்டு அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“பையன் நல்ல பையன்ணே. அவன் தேடிக்கினு இருக்கிற பொருளு மட்டும் இன்னான்னு தெரியல.”

“அந்தப் பொருளு இருக்கா?”

“இல்ல.”

“இல்லாதது தெரிஞ்சா இன்னாடா, தெரியாட்டி இன்னாடா. தேதி வை” என்று அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. விருந்துக்கு மோசஸும் விஜயகுமாரும் துளசிராமனும் வந்தார்கள். பந்தியில் பிரியாணியை வைத்துக்கொண்டு இவரோடு கசடா சாம்பலா என்று ஆரம்பித்தார்கள். சம்பந்தியம்மா என்னிடம் வந்து, “இன்னா பேசறாங்க?” என்று மெதுவாகக் கேட்டார். “தொழில் விசயம்” என்றேன்.

சிஃபா கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டுக்குக் குடி போனாள். அப்புறம்தான் இவருடைய நிஜமான சங்கடம் ஆரம்பித்தது. பெண் கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் போய் நிற்கக் கூடாது என்பது இவர் கொள்கை. அடிக்கடி மகள் வீட்டுக்குப் போகிற வாப்பாமார்களை இவர் பள்ளிவாசல் வாசலிலேயே கேலி செய்திருக்கிறார். கல்யாணம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் நடந்தார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“நெமரின் விசயம் பாதியிலயே நிக்குது. மாப்புள்ளகிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றார்.

“அதானே, பாதியில உடலாமா” என்றேன்.

அன்றிலிருந்து அதுதான் காரணம். நல்ல நண்டாகப் பார்த்து ஈரச் சாக்கில் சுற்றி ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். பையை மகளிடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மருமகனோடு உட்கார்ந்து இல்லாத ஊரைச் சுற்றுவார். சாயங்கால ரயிலில் திரும்பி வந்து, “இன்னும் தெளிவாவல” என்று சந்தோஷமாகச் சொல்வார்.

போன மாதம் சிஃபா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“உம்மா, அந்தக் கேம் ரெண்டாம் பாகம் வந்துடுச்சு. நெமரின் இன்னான்னு சொல்லிட்டான். அவரு நேத்துதான் முடிச்சாரு. துளசிராமன் அண்ணன்கிட்டயும் மோசஸ் அண்ணன்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சுட்டாரு. வாப்பாகிட்ட நீயும் மூச்சு உட்டுடாத.”

என்னவென்று கேட்டேன், சொன்னாள். இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு அது அப்படி ஒன்றும் பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இவர் சொன்ன ஓடு இதைவிட நன்றாக இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இவர் பஸ் டிக்கெட் சொருக வாகாக வாட்சைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிக்கொண்டார். “பின்லாந்துக்காரனுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன். இன்னிக்கு முடிவு தெரிஞ்சுடும் பாரு” என்றார்.

தெரியட்டும் என்று சொல்லி நண்டுப் பையை எடுத்துக் கையில் கொடுத்தேன்.